யாரும் வேண்டாத நம்பரில் ஒரு கார்

புக்கிட் ரோத்தானில் ஐயாவு வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். வாசலில் ஒரு லோரி தாராளமாகத் திரும்பும் அளவுக்கு இடம் விட்டுக் கட்டிய கல்வீடு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். போன வருடம் முட்டிவலி முற்றிப்போய்க் கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆனதும் லோரியை விற்றுவிட்டார். லோரி நின்ற இடத்தில் இப்போது அவர் மனைவி அம்சவள்ளி பாய் விரித்து மிளகாய் காயவைக்கிறார்.

சும்மா சொல்லக்கூடாது, ஐயாவு வளர்ந்த வளர்ச்சி லேசானதல்ல. பிறந்தது தோட்டத்து லயத்தில். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மீசை முளைக்கும் முன்பே புல்வெட்டு. அப்புறம் செம்பனைக் குலை தூக்கினார். அப்புறம் லோரியில் கெலிண்டான், அதாவது டிரைவருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு போய் ஏற்றி இறக்குகிற ஆள். ஒருநாள் டிரைவருக்குக் காய்ச்சல் என்று லோரியைத் தொட்டவர், அதன்பிறகு இறங்கவே இல்லை. டிரைவரானார், சொந்த லோரி வாங்கினார், வீடு கட்டினார், மகன் மகேந்திரனைப் படிக்கவைத்து ரவாங்கில் ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"என்னை ஏய்னு கூப்பிட்டு வேல வாங்குன மண்டோர் இருந்தாரு பாருங்க, அதே தோட்டத்துக்கு நான் லோரி மொதலாளியா போயி குலை ஏத்துனேன். அவரே வந்து கேட்டைத் தொறந்துவிட்டாரு" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்வார். கேட்டவர்களுக்கு இது மனப்பாடம். இருந்தால் என்ன? நடந்ததைத்தானே சொல்கிறார். நடக்காதவன்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும்.

கல்யாண விஷயத்திலும் ஆள் இப்படித்தான். பெண் பார்த்துவிட்டு வீடு திரும்பியதும் அவர் தாயார், "இந்தப் பொண்ணு வேணாம்டா" என்று ஏதோ காரணம் சொன்னார். ஐயாவு காரணத்தைக் காதில் வாங்கவில்லை. "கட்டுனா அம்சவள்ளியத்தான் கட்டுவேன்" என்றார். கட்டினார். அவர் பார்த்து எடுத்தது எதுவும் சோடை போனதில்லை என்று அன்றைக்கும் சொன்னார், இன்றைக்கும் சொல்கிறார்.

இத்தனையும் செய்தவர் வாங்காமல் விட்டது ஒரு கார். "உக்காந்து போறதுக்கு லோரி இருக்கு, அப்புறம் கார் என்னாத்துக்கு?" என்பது அவர் கட்சி. அவருக்கு லோரி போதும். ஆனால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு லோரியில் ஏறமுடியுமா? ஆகவே நல்லது கெட்டதுக்கெல்லாம் அம்சவள்ளி அடுத்தவர் காரில் ஒட்டிக்கொண்டுதான் போய்வந்தார்.

அப்படித்தான் போன மாதம் ரவாங்கில் ஒரு கல்யாணத்துக்கு, பக்கத்து வீட்டுச் செல்வா காரில் போனார். ஐயாவு முட்டிவலி என்று வீட்டில் இருந்துவிட்டார். பந்தியில் இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றுகிற நேரம். செல்வாவுக்கு ஏதோ போன் வந்தது. "அக்கா, அவசரமா போவணும், கெளம்பலாமா?" என்று வந்து நின்றான். அவன்மேல் குற்றம் இல்லை. அவனுக்கு அவன் வேலை. ஆனால் அம்சவள்ளி போட்ட இலையை விட்டு எழுந்திருக்க வேண்டியதாகிவிட்டது. பாயச வாளி அப்போதுதான் பந்திமுனைக்கு வந்தது. சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: "இனிமே நான் அடுத்தவங்க காடியில ஏறமாட்டேங்க. நடந்துபோற தூரத்துல விசேஷம் இருந்தா சொல்லுங்க."

"மகேந்திரன வரச்சொல்லுவோம்."

"அவன் வருவான். வந்ததும் மணியப் பாப்பான். அவன் மணிக்கு ஆடவும் என்னால முடியாது."

அம்சவள்ளி கத்துகிற ஆள் இல்லை. அவர் மெதுவாகப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்துத்தான் புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் அவருடைய தங்கை புனிதவதி போன் போட்டாள். மகள் லோகேஸ்வரிக்கு வளைகாப்பு. தலைப்பிள்ளை. "அக்கா, பெரியம்மா நீதான் மொத வளையல் போடணும். வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. சீக்கிரமா வந்துடு."

"பாக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தார் அம்சவள்ளி. லோகேஸ்வரியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் வாயில் 'பாக்கலாம்' என்று வந்ததைக் கேட்டதும் ஐயாவுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வாசலில் ஒரு கார் நின்றாகவேண்டும். நிற்காவிட்டால் இவள் போகமாட்டாள். அவ்வளவுதான் கணக்கு.

மறுநாள் காலையிலேயே பசியாறிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் செகிஞ்சானுக்குப் பஸ் ஏறினார்.

செகிஞ்சானில் வயலோரமாக ஆ லெங் என்பவன் பழைய கார் விற்கிறான். பெரிய கடை எல்லாம் இல்லை. தகரக் கூரை, கீழே ஏழெட்டுக் கார், ஒரு மேசை, மேசைக்கு அடியில் ஒரு நாய். ஆ லெங்கின் அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். லயத்துப் பிள்ளைகளோடு பம்பரம் விட்டு வளர்ந்ததால் அவனுக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

"ஐயாவு அண்ணே! லோரி எங்க?"

"வித்தாச்சுடா. பஸ்ல வந்தேன்."

"நீங்க பஸ்லயா? இன்னைக்கு மழைதான் லா. நெல்லு காயப்போட்டவன்லாம் என்னையத்தான் திட்டுவான்."

"வாய மூடிட்டு காடியக் காட்டு. ஓட்டோ கியருதான் வேணும். கிளட்ச் ஆகாது, முட்டி ஒத்துக்காது."

கார் வாங்கப் போகிற மற்றவர்கள் பெயிண்டைத் தடவிப் பார்ப்பார்கள், ரேடியோ பாடுகிறதா என்று பார்ப்பார்கள். ஐயாவு அந்த ரகம் இல்லை. ஓரத்தில் நின்ற வெள்ளை விவா, சின்னக் கார், அதன் எதிரில் போய் நின்றார். முதலில் பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார். வாங்க வருகிறவனுக்கு முன்னால் எஞ்சினைச் சூடாக்கி வைத்தால் அதன் கோளாறு வெளியே தெரியாது. அந்த வித்தை எல்லாம் அவரிடம் எடுபடாது. பானெட் சில்லென்றிருந்தது. பிரேக் மிதியின் ரப்பரைப் பார்த்தார். மீட்டர் காட்டிய ஓட்டத்துக்கும் ரப்பர் தேய்ந்ததுக்கும் சரியாக இருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். வெள்ளத்தில் முங்கிய காராக இருந்தால் பெல்ட்டின் அடியில் சேற்றுக்கறை இருக்கும், அதை யாரும் கழுவமாட்டார்கள். கறை இல்லை. பின்னால் போய் ஸ்பேர் டயரைத் தூக்கிக் குழிக்குள் விரலை விட்டார். தூசிதான், மண் இல்லை. கடைசியில் தலையை உள்ளே நீட்டி மோந்தும் பார்த்தார்.

ஆ லெங் இடுப்பில் கைவைத்து நின்றான். "அண்ணே, காடி பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா?"

"பொண்ணு பாக்க எனக்கு இவ்வளவு நேரம் ஆகலடா."

ஓட்டிப் பார்த்தார். வயல் பாதையில் கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வந்து விலை கேட்டார். ஆ லெங் சொன்ன விலையைக் கேட்டதும் ஐயாவுவின் முகம் மாறியது. இந்தக் காருக்கு இந்த விலை ரொம்பக் குறைச்சல்.

"டேய், இது எங்கடா அடிபட்டுச்சு? உண்மையச் சொல்லு."

"எங்கயும் அடிபடல அண்ணே. இதான் அடி." ஆ லெங் காலால் நம்பர் பிளேட்டைக் காட்டினான். நாலு, நாலு, பூஜ்யம், பூஜ்யம். "எங்க ஆளுங்களுக்கு நாலுன்னா சாவு நம்பர். இதுல ரெண்டு நாலு. ஒருத்தனும் கிட்ட வரமாட்றான். ஒரு மலாய்க்கார டீச்சர் பாத்தாங்க, கலர் புடிக்கலன்னுட்டாங்க. இங்க நின்னு வெயில்தான் காயுது."

ஐயாவு சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! மேசைக்கு அடியில் கிடந்த நாய் எழுந்து வெளியே போய்விட்டது. "நம்பரப் பாத்தாடா பயப்படுறீங்க? நாலாம் நம்பர் வந்து கடிச்சிருமா? எஞ்சினு ஓடுதா, பிரேக்கு புடிக்குதான்னு பாருங்கடா. நல்லா பயப்படுங்க, எனக்குத்தான் லாபம்."

அதற்குமேலும் பேரம் பேசி இன்னும் கொஞ்சம் குறைத்தார். குறைக்காவிட்டால் அவர் ஐயாவு இல்லை. காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது, பேர் மாற்றுவது எல்லாம் ஆ லெங் பொறுப்பு என்றும், சனிக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதென்றும் பேச்சு.

அதன்பிறகு கார் கைக்கு வரும்வரை ஐயாவு பட்டபாடு அவருக்குத்தான் தெரியும். வாங்கியதை வெளியே சொல்லாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. தேத்தண்ணிக் கடையில் சொன்னால் அவர் வீட்டுக்குப் போகும் முன்னே சேதி அம்சவள்ளியிடம் போய்விடும். ஆகவே கடைப்பக்கமே போகவில்லை. உடம்பு சரியில்லையோ என்று இரண்டு பேர் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள்.

சனிக்கிழமை காரை எடுத்தவர் வழியில் நிறுத்தி வீட்டுக்குப் போன் போட்டார். "அம்சா, ஒரு தேங்கா, நாலு எலுமிச்சம்பழம், கற்பூரம் எடுத்து வையி. ஏன்னு கேக்காத."

அம்சவள்ளி கேட்கவில்லை. புரிந்துவிட்டது. வாசலைக் கழுவி, மிளகாய்ப் பாயை ஓரமாக இழுத்துவிட்டு, நல்ல புடவையாக மாற்றிக்கொண்டு நின்றார். கார் வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சொந்த லோரி வந்த அன்றைக்குப் பார்த்த முகம். கையால் கதவைத் தொட்டார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பூவைச் சரிசெய்தார். தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு காருக்கு முன்னால் வந்து, ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் தட்டு பாதியில் நின்றது. உதடு மெல்ல அசைந்தது.

"என்னாங்க, இது என்னா நம்பரு?"

"நாலு நாலு கோசோங் கோசோங். சீனவங்களுக்கு ஆகாத நம்பராம், அதான் சும்மா தூக்கிக் குடுத்த மாதிரி..."

"கூட்டிப் பாத்தீங்களா?"

ஐயாவு வாழ்க்கையில் எத்தனையோ கூட்டியிருக்கிறார். குலை எடை, எண்ணெய்ச் செலவு, ஆள் கூலி எல்லாம் விரலிலேயே கூட்டுவார். நம்பர் பிளேட்டை மட்டும் கூட்டியதில்லை. இப்போது கூட்டினார். நாலும் நாலும்.

"எட்டு" என்றார் அம்சவள்ளி. "சனி நம்பரு. கொண்டாந்தது சனிக்கிழமை."

தட்டை மிளகாய்ப் பாய்மேல் வைத்துவிட்டார். கற்பூரம் தன்பாட்டில் எரிந்து அணைந்தது.

"அடியேய், எஞ்சினு ஒரு சத்தம் இல்ல. ஒரு பொட்டுத் துரு இல்ல."

"காடியக் குத்தம் சொல்லலங்க. அழகாத்தான் இருக்கு. பிள்ளத்தாச்சி வீட்டுக்கு எட்டாம் நம்பர் காடியில போயி எறங்கமாட்டேன். அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என் பேரச் சொல்லும்."

"அப்ப நாளைக்கு?"

"புனிதவதிக்குப் போன் போட்டுச் சொல்லிர்றேன். வேற யாராச்சும் மொத வளையல் போடட்டும்."

அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

ஐயாவு அங்கேயே நின்றார். கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் ஆ லெங்கைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஞாபகத்துக்கு வந்து கன்னத்தில் அறைந்தது. அவனிடம் போய், 'எங்க வீட்டுல எட்டுக்குப் பயப்படுறாங்கடா' என்று சொல்வதா? உயிர்போனாலும் சொல்லமாட்டார். ஆனால் சொல்லாவிட்டால் அம்சவள்ளி நாளைக்கு வீட்டில்தான்.  காரில் ஏறி, செகிஞ்சான் பக்கம் திருப்பினார்.

போகும்போது ஒன்றைக் கவனித்தார்: சனி நம்பரோ என்னவோ, கார் ஓட்டத்துக்குக் குறைச்சலே இல்லை.

ஆ லெங் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐயாவு சுற்றி வளைக்காமல் சொன்னார். "டேய், வேற காடி இருந்தா மாத்திக் குடு. எங்க வீட்டுல நம்பரக் கூட்டுனாங்க. எட்டு வருதாம். எங்களுக்கு எட்டு ஆகாது."

ஆ லெங் குச்சியைக் கீழே வைத்தான். வாய் திறந்தபடியே இருந்தது. "என்னா? எட்டா? கூட்டுனா எட்டா?"

"சிரிடா. சிரிச்சுக்கோ. இன்னைக்கு ஒன்னோட மொற."

ஆனால் அவன் சிரிக்கவில்லை. தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான். "அய்யோ அண்ணே! எட்டுன்னா எங்களுக்குக் காசு நம்பர் லா! எட்டுக்காக எங்க ஆளுங்க அடிச்சுக்குவாங்க. கூட்டுனா எட்டு வருதுன்னு எனக்கு ஏன் முன்னாடியே தோணல? நாலப் பாத்து நானே பயந்துட்டேன். தெரிஞ்சிருந்தா வெலைய ஏத்தி வித்திருப்பேனே!"

"டேய்..."

"உங்களுக்குக் கூட்டுனா ஆகாது, எங்களுக்குக் கூட்டலன்னா ஆகாது. ஒரே பிளேட்டு! இந்தக் காடி பாவம் என்னா பண்ணும் அண்ணே?"

அப்போதுதான் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து ஆ லெங் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாற்றுக் கார் தருவதாகவும், ஆனால் பேர் மாற்றிக் கொடுக்கச் செவ்வாய் புதன் ஆகிவிடும் என்றும் சொன்னான். "இப்ப இதையே ஓட்டிட்டுப் போங்க. வேணான்னா திங்கக்கிழமை கொண்டாங்க, ஒரு வார்த்த பேசாம வாங்கிக்கிறேன். அக்கா ஏறமாட்டேன்னா காடி எதுக்கு?"

ஐயாவு வீடு திரும்பியபோது அம்சவள்ளி கண்ணாடி வளையல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பச்சையும் சிவப்பும். போக முடியாவிட்டாலும் அனுப்பிவைக்கலாம் என்று. போன் பக்கத்தில் இருந்தது. இன்னும் தங்கைக்குச் சொல்லவில்லை.

ஐயாவு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஆ லெங் தொடையில் அடித்துக்கொண்டதை அப்படியே செய்து காட்டினார். வாய் பிளந்ததையும் காட்டினார். அம்சவள்ளி முதலில் தலையைத் தூக்கவில்லை. "தெரிஞ்சிருந்தா வெலைய ஏத்தியிருப்பானாம்" என்றதும் வளையல் பெட்டி குலுங்கியது. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "என்னாங்க, ஐசி கார்டுல என் பொறந்த தேதி என்னா?"

"பதினேழு."

"கூட்டுங்க."

ஒன்றும் ஏழும். ஐயாவு வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"உங்கம்மா அன்னைக்கு என்னைய ஏன் வேணான்னாங்க, ஞாபகம் இருக்கா? எட்டுல பொறந்தவ வீட்டுக்கு ஆகமாட்டான்னாங்க. எனக்கு அப்புறமா உங்க அத்தை சொன்னாங்க."

"அதா காரணம்? எனக்குத் தெரியாது. நான் காதுலயே வாங்கலியே."

"வாங்கலதான். அதான் நான் இங்க உக்காந்திருக்கேன்." வளையலை எண்ணாமல் பெட்டியை மூடினார். "அந்தத் தேதியும் உண்மையில்ல, கேட்டுக்குங்க. நான் எப்பப் பொறந்தேன்னு எங்கம்மாவுக்கே தெரியாது. தோட்டத்து ஆபீஸ் கிராணி ஏதோ வாய்க்கு வந்த தேதிய எழுதிட்டாரு. அவர் பதினெட்டுன்னு எழுதியிருந்தா உங்கம்மா மேளம் கொட்டி அழைச்சிருப்பாங்க."

ஐயாவுவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தியா? நான் பாத்து எடுத்தது எது சோடை போச்சு? அன்னைக்கும் எட்டுதான், இன்னைக்கும் எட்டுதான். எட்டுன்னு தெரியாமலே ரெண்டையும் எடுத்திருக்கேன் பாரு!"

"என்னையும் காடியையும் ஒரே தட்டுல வெக்கிறீங்களா?"

"இல்லம்மா... காடிய ரொம்ப நேரம் பாத்துத்தான் எடுத்தேன்."

"அப்ப என்னையப் பாக்காமலா எடுத்தீங்க?"

கேட்டுவிட்டு அம்சவள்ளி எழுந்துபோய் மிளகாய்ப் பாய்மேல் இருந்த தட்டை எடுத்தார். புதிதாகக் கற்பூரம் வைத்து ஏற்றினார். இந்தமுறை மூன்று சுற்றும் நிற்காமல் வந்தது. தேங்காயை ஐயாவு உடைத்தார். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, காரை முன்னால் விட்டு நசுக்கினார். அம்சவள்ளி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாத்தியது பற்றாமல் திறந்து இன்னொருமுறை சாத்தினார்.

"கோயில் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். கோயிலுக்கு வலப்பக்கம் போகவேண்டும். ஐயாவு இடப்பக்கமாகத் திருப்பி, செல்வா வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அம்சவள்ளி தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கீழே இறக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பெருந்துங்கில் புனிதவதி வீட்டு வாசலில் முதலில் வந்து நின்ற கார் நாலு நாலு பூஜ்யம் பூஜ்யம். லோகேஸ்வரியின் கையில் முதல் வளையலைப் பெரியம்மா போட்டார். ஒரு வளையல்கூட உடையவில்லை. பந்தியில் இலை போட்டதும் அம்சவள்ளி சம்மணமிட்டு உட்கார்ந்தவர், பாயசத்தை இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டு, மோர் குடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டுதான் எழுந்தார்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவர்களை எல்லாம் வாசல்வரை வந்து வழியனுப்பினார், வீட்டுக்காரி மாதிரி.

"என்னாக்கா, இன்னைக்கு யாரும் ஒன்னைய அவசரப்படுத்தலியா?" என்றாள் புனிதவதி.

"எங்க காடி. நான் சொல்றப்பதான் கெளம்பும்."

நாலரை மணி ஆனதும் ஐயாவு முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்தார். பொழுதோடு போய்விட்டால் தேத்தண்ணிக் கடை திறந்திருக்கும். ஒரு வாரத்துப் பேச்சு அவருக்குள்ளே மூட்டையாகக் கிடந்தது. "சாவிய எடு, போலாம்" என்றார். சாவி அம்சவள்ளியின் கைப்பையில் இருந்தது.

"இப்ப ராகுகாலம் தொடங்கிருச்சு. முடியட்டும்."

"எட்டாம் நம்பர் காடியில வந்துட்டு ராகுகாலமா பாக்குற?"

"அது வேற, இது வேற. உக்காருங்க, பாயசம் இன்னும் இருக்கு."

ஐயாவு உட்கார்ந்தார்.